மன்னி நிறுத்திய சர்வர்

திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள். அவற்றின் எதிரே அசையாமல் உட்கார்ந்திருந்த மன்னியின் முகம்தான் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மன்னி என் அண்ணாவின் மனைவி. ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், கணிதப் பட்டதாரி. குழந்தைகளுக்காக வேலையை விட்டுப் பல வருடங்கள் கழித்து, என்னோடு பெஹாலாவில் புரோகிராமிங் வகுப்பில் சேர்ந்தாள். இருவருமே கற்றுக்குட்டிகள். டாக்குரியாவில் எங்கள் குடியிருப்பின் துர்கா பூஜைச் சாப்பாட்டுக்குப் பெயர் பதிய ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதி, லேப்டாப்பிலேயே சர்வர் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அதைக் காட்டத்தான் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குச் சேர்ந்தே போனோம். முன்பு இரண்டு இடங்களில், “இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டே மன்னியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இங்கே அதிகாரியின் கண்ணெதிரிலேயே சர்வர் கிளம்ப மறுத்தது.

“எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிடலாம் மன்னி” என்று கிசுகிசுத்தேன்.

“சித்த இருடி. அது என்ன சொல்றதுன்னு நாம இன்னும் படிக்கவே இல்லையே.”

வரிவரியாகப் படித்துக்கொண்டே இறங்கினாள். கடைசி வரியில் விஷயம் இருந்தது: எங்கள் போர்ட்டை வேறொன்று பிடித்துக்கொண்டிருந்தது. போர்ட் என்பது சர்வர் காத்து நிற்கும் வாசல். அங்கே ஏற்கெனவே ஒன்று நின்றால் இன்னொன்றுக்கு இடமில்லை.

“காலம்பற ஆத்துல ஓட்டிப் பார்த்தோமே, அதை நிறுத்தினோமா?”

நிறுத்தவில்லை. லேப்டாப்பை மூடி எடுத்து வந்திருந்தோம், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களில் பழைய சர்வரைத் தேடி நிறுத்தினாள். மறுபடி இயக்கினாள். பக்கம் பளிச்சென்று வந்தது.

“பயமா இல்லையா திதி?” என்று அதிகாரி வங்காள மொழியில் கேட்டார். திதி என்றால் அக்கா.

“அதுவே காரணத்தைச் சொல்லிடுத்தே, அப்புறம் என்ன பயம்?” மன்னியும் வங்காள மொழியிலேயே சொன்னாள். எப்போது வேலையில் சேர முடியும் என்று அவர் கேட்டபோது என்னைக் காட்டினாள்: “பாதி இவ எழுதினது. வேலை இவளுக்கும் சேர்த்தா?”

ஒரே இடம்தான் என்றார். “அப்போ நான் சேர்ந்துக்கறேன். அடுத்த இடம் வந்தா முதல்ல இவளைக் கூப்பிடுங்கோ” என்றாள், தயங்காமல்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை முட்டியது. மன்னி லேப்டாப்பைத் திறந்து என் மடியில் வைத்தாள். “இப்போ நீ ஓட்டிக் காட்டு.”

ஓட்டினேன். சில மாதங்களில் அதே ஆபீஸிலிருந்து எனக்கும் அழைப்பு வந்தது. இன்று அவள் எங்கள் குழுவின் தலைவி. ஆபீஸில் எல்லோரும் அவளைத் திதி என்கிறார்கள். நான் மட்டும், மீட்டிங்கில்கூட, மன்னி என்றே கூப்பிடுகிறேன்.