பத்மினியின் பக்கத்து இருக்கையில்

செவ்வாய்க்கிழமை காலை செல்போனில் மஞ்சுநாத்தின் பெயரைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெங்களூர் தொம்மலூரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். அவர் மலைப்பாதைகளில் ஒன்றாக வண்டி ஓட்டும் எங்கள் ஜீப் குழுவில் செய்தி போடுவாரே தவிர, யாரையும் கூப்பிடுகிறவர் அல்ல. எடுக்காமல் விட்டுவிட்டால் எதுவும் நடக்காமல் போய்விடும் என்பதுபோல அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி அடித்தபோது எடுத்தேன். "மேடம், பத்மினி மேடம் ஹோக்பிட்ரு," என்றார். பிறகு, கன்னடத்தில் சொன்னதையே தமிழிலும் சொன்னார். "போயிட்டாங்க மேடம்."

உங்களில் பலருக்கு அவள் டாக்டர் பத்மினி, ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவள். குழுவினருக்கோ, பயணம் கிளம்புமுன் ஒவ்வொரு வண்டியையும் குடைந்து பார்க்கிறவள். எனக்கு ஜோகுபாளையத்தில் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்திலும் ஒரே பெஞ்சு. ஐம்பது வயதைத் தாண்டியபின் திடீரென்று ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள்.

"ஆஸ்பத்திரி போன் எட்டாத எடத்துக்கு ஒரு தடவையாவது போவணும் கலா. நீயும் வா."

"நான் எதுக்குடி?"

"தனியா போவ பயமா இருக்கு."

இரங்கல் எழுதும்போது இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் அது பத்மினியாக இருக்காது. அவள் பயந்தாங்கொள்ளி. லிஃப்ட் என்றால் பயம், நாய் என்றால் பயம், மேம்பாலத்தில் பக்கத்தில் லாரி வந்தால் பயம். அதை மறைக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்துப் பாதையில் ஐந்து வண்டிகள் போவதாக ஏற்பாடு. மழைக்காலம் இன்னும் முழுதாக முடிந்திருக்கவில்லை. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தன் வீட்டுத் தெருவுக்கு வரச் சொல்லியிருந்தாள். பழைய சுடிதாரோடு தரையில் சாக்கை விரித்து, ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் டார்ச்சோடு நுழைந்தாள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி ஏறி இறங்குகிறதா, பேட்டரி ஆடுகிறதா, பிரேக் ஆயில் கசிகிறதா. ஒவ்வொரு ஓட்டுநரிடமும் ஒரே கேள்வி: "உங்க வண்டில எது முதல்ல கெட்டுப்போகும்?"

குழுவுக்குப் புதிதாக வந்திருந்த ஐ.டி. பையன் ஒருவன் சிரித்துவிட்டான். "இவ்ளோ பயம்னா வீட்லயே இருக்கலாமே ஆன்ட்டி."

"வீட்லயும் பயமாத்தான்ப்பா இருக்கு," என்றாள் அடியிலிருந்தபடியே. "அங்க சும்மா படுத்துக்கிட்டுப் பயப்படணும். இங்கன்னா ஒரு நட்டையாவது முடுக்கலாம்."

தன் ஜீப்பையும் அவள் விடவில்லை. வண்டி சிக்கிக்கொண்டால் கயிறு போட்டு இழுப்பதற்கான கொக்கி முன்பக்கம் இருந்தது. அது மெல்லிய தகட்டில்தான் பூட்டப்பட்டிருக்கிறது என்று அன்றைக்குக் கண்டுபிடித்தாள். மறுநாளே மெக்கானிக் ஷெட்டுக்குப் போய், அதைக் கழற்றி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸிலேயே தடித்த போல்ட் போட்டு மாட்டச் செய்தாள். வேலை முடியும்வரை நகராமல் நின்றாள். கிளம்பும் நாளில் என் மடியிலிருந்த எவர்சில்வர் ஃபிளாஸ்க்கையும் பிடுங்கிப் பின்னால் கட்டிவைத்தாள். "வண்டி சாஞ்சுதுன்னா இது நேரா உன் மண்டைக்குத்தான் வரும்."

தோட்டத்துப் பாதையில் செம்மண் வெண்ணெயாகக் குழைந்து கிடந்தது. பிடிமானத்துக்காக டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினோம். மஞ்சுநாத் முதலில், நாங்கள் அடுத்து. ஒரு வளைவில் முன்சக்கரங்கள் மேலே பிடித்துக்கொண்டிருக்க, ஜீப்பின் பின்பக்கம் மட்டும் தானாக இடதுபுறம் நகர்ந்தது. சத்தமே இல்லை. யாரோ கையைப் பிடித்துப் பக்கவாட்டில் அழைத்துப் போவதுபோல இருந்தது. 'டொக்' என்று ஒரு குலுக்கல். நின்றுவிட்டது. நான் இடதுபுறம் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே பாதை இல்லை. வெகு கீழே மரங்களின் உச்சிகள் தெரிந்தன.

நான் கதவைத் திறக்கப் போனேன். பத்மினி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொறக்காத. அசையாத. மூச்சு மட்டும் விடு."

அவள் கால் பிரேக்கின் மேல் இருந்தது. அந்தக் கால் உதறிக்கொண்டிருந்தது. அந்த உதறல் இருக்கை வழியாக எனக்குள்ளும் வந்தது. சகதியில் வழுக்கியபடி மஞ்சுநாத் ஓடிவந்தார். ஜீப்பின் மூக்கு மேட்டுச் சேற்றில் குத்தியிருந்ததால் முன்கொக்கி முழுவதும் புதைந்து கிடந்தது. பம்பர் மட்டும்தான் கைக்கெட்டியது. "மேடம், பம்பர்ல கட்டிடறேன், சீக்கிரம் இழுத்துடலாம்!" என்று கயிற்றைச் சுற்றத் தொடங்கினார்.

"பேட மஞ்சுநாத், பேட! வேணாம்!" பத்மினி கத்தினாள். "பம்பர் புடுங்கிட்டு வந்துச்சுன்னா உங்க மேல பறக்கும். நாங்க கீழ போயிடுவோம். சேத்தத் தோண்டுங்க. கொக்கி அடியில இருக்கு."

"டைம் இல்ல மேடம், மண்ணு சரியுது!"

"எனக்கும் தெரியுது. எனக்குப் பயமா இருக்கு. அதனாலதான் சொல்றேன். தோண்டுங்க."

பின்னால் வந்த வண்டிகளில் இருந்தவர்களும் ஓடிவந்தார்கள். சிரித்த அந்தப் பையன்தான் முதலில் குப்புறப் படுத்துக் கையால் சேற்றை வாரினான். அவர்கள் தோண்டத் தோண்ட ஜீப் ஒரு முறை முனகியது. எனக்குப் பெற்ற பிள்ளைகளின் பெயர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. பத்மினி மட்டும் மெல்லப் பேசிக்கொண்டே இருந்தாள். "பயமா இருக்கு கலா. உனக்கு?" "ம்." "சொல்லு, வாய் விட்டுச் சொல்லு." "பயமா இருக்கு பத்மி." "சரி. ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே உக்காந்திருப்போம்."

கொக்கி கிடைத்தது. கயிற்றை மாட்டினார்கள். அறுந்தால் வீசியடிக்காமலிருக்க, அதன்மேல் கனமான கம்பளியைப் போட்டுவிட்டு எல்லோரும் விலகி நின்றார்கள். மஞ்சுநாத்தின் வண்டி அங்குலம் அங்குலமாக இழுத்தது. எங்கள் பின்சக்கரம் மறுபடி மண்ணைத் தொட்டபோது நான் அழுதேன். பத்மினி ஜீப்பை மேட்டில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, நான்கு டயருக்கும் கல் வைக்கச் சொன்னாள். பிறகு இறங்கிப் போய்ப் புதர் ஓரம் வாந்தி எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைக் கடைசியாகப் பார்த்தது அவள் போவதற்கு முந்தின சாயங்காலம்; அன்றிரவு துணைக்கு மஞ்சுநாத் இருந்தார். கணையத்தில் புற்றுநோய். தெரிந்த சில வாரங்களிலேயே எல்லாம் கைமீறிப்போயிருந்தது. சொட்டுச் சொட்டாக இறங்கும் ஒவ்வொரு மருந்தும் எதற்கென்று அவளுக்குத் தெரியும். எது எதற்கு அடுத்தபடி வரும் என்றும் தெரியும். "எல்லாம் தெரிஞ்சு படுத்திருக்கறது ரொம்ப கஷ்டம்டி," என்றாள். என் கையைத் தேடினாள். அவள் பிடியில் பழைய வலு இல்லை.

அவள் மகள் நித்யா டொரண்டோவிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காரியங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஆன்ட்டி, நெஜம் சொல்லுங்க. கடைசில அம்மா பயந்தாங்களா? எங்கிட்ட போன்ல ஒண்ணுமே இல்லன்னுதான் சொன்னாங்க."

இல்லை, நிம்மதியாகப் போனாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"பயந்தாம்மா. ரொம்பப் பயந்தா. வாய் விட்டுச் சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கும் பயமா இருக்குன்னேன்."

"அதுக்கு?"

"சிரிச்சா. கொஞ்சம் தள்ளிப் படுத்து எனக்கு எடம் விட்டா. பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்."

நித்யா என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "தனியா இல்லல்ல ஆன்ட்டி," என்றாள். "இல்லம்மா," என்றேன்.

பத்மினியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அந்தக் கட்டிலில் அவள் எனக்காக விட்ட ஒரு சாண் இடம்தான்.