பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

அரூரில் இறந்துபோன, என்னைப் போலவே ஹாம் ரேடியோ வைத்திருந்த நண்பரின் மகன், "எடத்த அடைச்சிகிட்டு கெடக்குதுங்க, நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க" என்று கொடுத்த டிரான்ஸ்மிட்டர் அது. வால்வு காலத்துச் சாமான். தருமபுரியில் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் அதைப் பிரித்து வைத்திருந்தேன். ஐந்து வால்வுகள், முப்பத்தொரு கண்டன்சர்கள், அறுபத்துநான்கு ஸ்க்ரூக்கள். எண்ணாமல் எதையும் கழற்றுவதில்லை நான்.

அதற்குள் அறுநூறு வோல்ட் ஓடும். அணைத்த பிறகும் பெரிய கண்டன்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். மெல்ல வடித்துவிடுவதற்கென்றே குறுக்கே ஒரு ரெசிஸ்டர் உண்டு. இதில் அது கருகிப் போயிருந்ததால் கழற்றிவிட்டேன். புதியது பெங்களூரிலிருந்து வரவேண்டும். பொறுத்திருக்கலாம். ஒரு வால்வாவது எரிகிறதா என்று பார்த்துவிடத் துடித்தது மனசு. போட்டேன், எரிந்தது.

அணைத்ததும் கண்டன்சரை ஒயரால் தொட்டு மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். அதைச் செய்யாமல் எங்கள் ஹாம் ஆட்கள் யாரும் உள்ளே விரல் வைக்கமாட்டார்கள். அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். தொப்பூரில் லாரி கவிழ்ந்து கிடக்கிறது, வரத் தாமதமாகும் என்றாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சரியாகக் கேட்கவில்லை என்று வாசலுக்குப் போனேன்.

"ஏங்க, அவ வர்றதுக்குள்ள மேசைய ஒழிக்கணும். பிளக்கு புடுங்கிட்டீங்களா?" உள்ளிருந்து என் மனைவி.

"புடுங்கியாச்சு. ஓரமா தள்ளி வையி."

கத்தல் கேட்டு ஓடினேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். எப்படி ஷாக் அடித்தது என்று டாக்டர் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "மிக்ஸிங்க. ஈரக்கையோட தொட்டுட்டன்."

நான் அதை மறுக்கவில்லை.

வந்து சேர்ந்த மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, அப்பா எத்தினி தடவ சொல்லியிருப்பாரு? கரண்டுன்னா வெளையாட்டா ஒனக்கு? அவருகிட்ட கொஞ்சமாச்சும் கத்துக்கக் கூடாதா?" மனைவி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் டம்ளரில் தண்ணீர் குடித்தேன். மகள் மிக்ஸியைத் தூக்கி, பழைய இரும்புக்காரனுக்குப் போட ஒரு சாக்கில் கட்டினாள். ஆறு வருஷமாக ஒரு கோளாறும் செய்யாத மிக்ஸி.

சாக்கு வாசலைத் தாண்டும்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "மிக்ஸி ஒண்ணும் பண்ணல. நான்தான் மேசமேல இருக்கற செட்ட தள்ளி வெக்கச் சொன்னன். அதுல கரண்டு நின்னிருந்துச்சு."

மகள் சாக்கைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். "இத்தன நேரம் அம்மாவ திட்டிகிட்டிருந்தன். நீங்க கேட்டுகிட்டே இருந்தீங்களாப்பா?"

நான் மேசைமேல் கிடந்த ஸ்க்ரூக்களை ஒன்றுசேர்த்தேன்.

"இந்த எமன நாளைக்கே எடுத்துட்டுப் போயி எங்கியாச்சும் போட்டுருங்க" என்று சமையலறைக்குப் போனாள்.

மனைவிக்கு என்மேல்தான் கோபம். "இதுக்குத்தான் மிக்ஸின்னன். தெரிஞ்சா அவ தூக்கிப் போடச் சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? உங்கள யாரு வாயத் தொறக்கச் சொன்னது?"

விரலைவிட என் செட்டைப் பற்றித்தான் யோசித்திருக்கிறாள். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மகள் ஊருக்குப் போனபின் ரெசிஸ்டர் வந்தது. ஈயத்தால் பற்றவைத்தேன். மேசையிலிருந்து பின்னறைக்கு மாற்றி, மீட்டரைப் பொருத்தி, போட்டு அணைத்தேன். முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. மூன்று தரம் சோதித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். "வந்து பாரு. இப்ப தொடலாம், ஒண்ணும் ஆகாது."

கதவு நிலைக்கு வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. முந்தானைக்குள் கையைச் சுற்றிக்கொண்டாள்.

"நீங்க சொன்னா சரிதாங்க" என்றாள். உள்ளே வரவில்லை.