வை, விலகு, எடு

ராக்காயி யாருக்கும் எதையும் கையில் கொடுக்க மாட்டாள். பாடாங் செராய் சந்தையில் நாற்பது வருஷமாகக் கருவாடு விற்கிறாள். பொட்டலத்தைப் பலகையில் வைப்பாள், ஓரடி பின்னால் நகர்வாள், பிறகுதான் "எடுத்துக்க" என்பாள். புதிதாக வருகிறவர்களுக்கு முகம் சுருங்கும். பழகியவர்கள் சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார்கள்.

பழக்கம் ஜப்பான்காரன் காலத்தில் வந்தது. மலாயாவின் கெடா மாநிலத்தை அவர்கள் சயாமிடம் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு மேற்கே முழங்கால் தண்ணீர் ஓடும் ஓடை திடீரென்று எல்லையாகிவிட்டது. இந்தப் பக்கம் நெல் விளைந்தது. அந்தப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அங்கேதான் ராக்காயியின் தங்கை நவமணி ஐந்து மாதக் குழந்தையோடு இருந்தாள். கிழங்கைத் தின்று தின்று அவளுக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது.

ராக்காயிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மலாய்க்காரர் கிராமமான கம்பத்துத் தீஜாவிடம் அரிசி வாங்குவாள். எல்லைக் காவல்காரன் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து ஓடையைத் தாண்டிக் கொடுத்துவிட்டு உப்போடு திரும்புவாள். நவமணி வீட்டோடு அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஏழு அடுப்பு அவளை நம்பி எரிந்தது.

அப்போதுதான் அவள் புருஷன் வீரசாமிக்குப் பெரியம்மை போட்டது. ராக்காயிக்குச் சின்ன வயதிலேயே தோட்டத்து ஆஸ்பத்திரியில் அம்மை குத்தியிருந்தார்கள். வீரசாமி ஊசியைக் கண்டு ரப்பர் காட்டுக்குள் ஓடி ஒளிந்தவன்.

ஆத்தா வந்த வீட்டிலிருந்து நெருப்போ உப்போ அரிசியோ வெளியே போகக்கூடாது. வாசலில் வேப்பிலை கட்டிவிட்டால் அன்றோடு ஓடைப் பயணம் நின்றுபோகும். வீட்டில் அரை மூட்டை அரிசி இருந்தது. அதை மட்டும் கொடுத்துவிட்டு வந்து கட்டலாமா என்று நினைத்தாள். மூட்டையைத் தூக்கப் போனபோது வீரசாமி அதன்மேல் தலைசாய்த்து முனகிக்கொண்டிருந்தான். ராக்காயி வேப்பிலை பறிக்கப் போனாள்.

மூன்றாம் நாள் நவமணியே ஓடைக்கு வந்துவிட்டாள். இந்தக் கரையிலிருந்து ராக்காயி கத்தினாள்.

"அங்கேயே நில்லு! வராதே!"

"ஏங்க்கா, சயாம்காரன் வர்றானா?"

"ஆத்தா வந்திருக்கா. மாமாவுக்குப் போட்டிருக்கு."

நவமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வீட்டு அரிசின்னா பிரசாதம்லா அது! ரெண்டு வேப்பிலையும் சேத்துக் கொடு. லயத்துல ஆளுக்கு ஒரு பிடி பிரிச்சுக்குவோம்." சொல்லிக்கொண்டே தண்ணீரில் இறங்கினாள்.

ராக்காயி ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினாள். அது நவமணியின் காலடியில் விழுந்து தெறித்தது.

"இன்னொரு அடி வச்சே, மண்டையை உடைச்சுப்புடுவேன்! அரிசியோட ஆத்தாளும்லடி கூட வருவா!"

"உன் புருஷன் மட்டும்தான் உனக்கு உசிரு. என் பிள்ளை வயிறு காஞ்சா உனக்கென்ன?"

நவமணி திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்று சாயங்காலமே ராக்காயி தீஜா வீட்டு வேலிக்கு முப்பதடி தள்ளி நின்று மலாயில் கத்தினாள். "நான் கிட்ட வர மாட்டேன். உன் அரிசியை உன் சாக்கிலேயே கட்டு. ஓடையோரம் விழுந்து கிடக்கிற ரப்பர்க் கட்டைமேல வச்சிட்டுப் போயிடு. என் தங்கச்சி உப்பை வச்சிட்டு எடுத்துக்குவா."

தீஜா யோசித்தாள். "உன் தங்கச்சி உப்பு வைக்காம ஓடிட்டா?"

"நான் மேட்டுல நின்னு பாத்துக்கிறேன்."

"தா பா லா, பரவாயில்லை. எறும்பு தின்னா மட்டும் என்னைத் திட்டாதே."

மறுநாள் ராக்காயி அக்கரையில் போனவர்களைக் கூப்பிட்டு, கட்டைக்கு வரும்படி நவமணிக்குச் சொல்லி அனுப்பினாள். அன்று முதல் காவல்காரன் சாப்பிடப் போனதும் மேட்டில் ஏறி நிற்பாள். "வை!" என்பாள், தீஜா வைப்பாள். "விலகு!" என்பாள். தீஜா போன பிறகு, "எடு!" என்பாள். நவமணி உப்பை வைத்துவிட்டு அரிசியை எடுப்பாள். அக்காவை மட்டும் ஏறிட்டுப் பார்க்க மாட்டாள். பதினைந்தாம் நாளோ என்னவோ, குழந்தையையும் இடுப்பில் கொண்டு வந்தாள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையை இரண்டு கையாலும் மேட்டைப் பார்த்து உயர்த்திக் காட்டினாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. ராக்காயி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

வீரசாமிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, அதற்கு மேலும் இரண்டு வாரம் கழித்துத்தான் ஓடையில் கால் வைத்தாள். அந்த ஏழு வீட்டில் ஒருவருக்கும் அம்மை போடவில்லை.

வீரசாமி முகமெல்லாம் தழும்போடு இருபது வருஷம் வாழ்ந்து போய்ச் சேர்ந்தான். நவமணி பட்டர்வொர்த்தில் அந்த மகளோடு இருக்கிறாள். தீஜா மாதம் ஒருமுறை சந்தைக்கு வருகிறாள். ராக்காயி மீன்கடை வரிசையின் கோடியில் இப்போதும் கருவாடு விற்கிறாள். தீஜாவுக்கும் பலகையில் வைத்துத்தான் கொடுக்கிறாள்.