மோதிர விரல்

முன்னறையில் யாரோ அவளுடைய கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. நிச்சயமாகக் கணவன் இல்லை. அந்த மனிதனுக்கு ரேடியோவைத் திருகத் தெரிந்தாலே பெரிய விஷயம். வாங்கிய நாளிலிருந்து அவளிடம் முரண்டு பிடிக்கும் இரண்டாவது தந்தி, யார் கைக்கோ சமர்த்தாக அடங்கியது. பிறகு அவளுக்கு மனப்பாடமான ஒரு பாட்டின் உச்சிப் பகுதி கேட்டது. சுரங்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்து, மோதிர விரல் எட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் 'டப்' என்று செத்து விழுந்தன. மறுபடியும் அதே இடத்தில் 'டப்'.

வந்திருப்பது யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் வேலை பார்ப்பது பல் கட்டும் கூடத்தில். பல் போனவர்களுக்காக மெழுகில் பல் செதுக்குவாள். ஊர் வாயெல்லாம் இவள் கையில்தான் என்று கணவன் சொல்லிச் சிரிப்பான். பகலெல்லாம் பல், மற்ற நேரமெல்லாம் அவளுக்குப் பிடித்த ஓர் இசைக்குழு. கச்சேரி என்றால் கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்று, மேடைக்கு முன்னாலிருக்கும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். மற்றவர்கள் பாடகரின் முகத்தைப் படமெடுக்கும்போது, இவள் கேமரா மட்டும் கிட்டார்காரரின் இடது கையைத் துரத்தும். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் நெட்டை. வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொள்ள இந்த வயதில் அவளுக்கு வெட்கம். எந்தத் தந்தியில் எந்த விரல் என்று படங்களைப் பார்த்தே பழகினாள்.

போன கச்சேரியில் எடுத்த ஒரு படம்தான் வினையாகப் போயிற்று. பெரிதாக்கிப் பார்த்தபோது, பாட்டின் உச்சியில் நெட்டையின் மோதிர விரல் தந்தியைத் தொடாமல் உள்ளங்கைப் பக்கம் சுருண்டு கிடந்தது. ஆனால் அந்தச் சுரம் அரங்கம் அதிர ஒலித்ததை அவள் தன் காதால் கேட்டிருந்தாள். கள்ளம் கபடமில்லாமல் படத்தை இணையத்தில் ரசிகர்களின் பக்கத்தில் போட்டு, இந்த இடத்தை இப்போது வேறு மாதிரி வாசிக்கிறாரா, தெரிந்தவர்கள் சொன்னால் நானும் மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டாள்.

அவ்வளவுதான், தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி ஆயிற்று. ஒருவர் வீடியோவைத் தோண்டி எடுத்தார். மேடையின் கறுப்புத் திரைக்கு அடியில் இன்னொரு ஜோடிக் கால்கள் தெரிவதை வேறொருவர் வட்டமிட்டுக் காட்டினார். நெட்டை வாசிக்கவே இல்லை, ஏமாற்றுக்காரன் என்று பேச்சு பரவியது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நெட்டை கிட்டாரை வைத்துவிட்டு எழுந்தபோது மின்விசிறி அவர் தலையில் இடிக்காமல் மயிரிழையில் சுழன்றது. இடது கை கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது. பல் கூடத்தில் விசாரித்து வந்தாராம். கோபமாகப் பேசுவார் என்று அவள் பயந்துகொண்டிருக்க, அவர் கெஞ்சுகிற குரலில் பேசியதுதான் அவளை அறுத்தது. நரம்பு இழுத்து விரல் மடங்கிப்போனதையும், திரைக்குப் பின்னால் வாசித்தது சொந்தத் தம்பி என்பதையும் மறைக்காமல் சொன்னார். நாளைக்குக் குழு கூடிப் பேசப்போகிறது. இந்தப் பேச்சு அடங்காவிட்டால் அவரை அனுப்பிவிடுவார்கள்.

"அந்தப் படம் பாட்டு முடிஞ்சப்புறம் எடுத்ததுன்னு ஒரு வரி போட்டுடுங்க தங்கச்சி. எடுத்தவங்களே சொன்னா எல்லாரும் நம்பிடுவாங்க."

"ஒரு வரிதானே, போட்டுடு," என்றான் கணவன். "லீவு கேக்க எத்தனை தடவை தலைவலின்னு பொய் சொல்லியிருக்க."

அவள் சமையலறைக்குப் போனாள். போன் அங்கேதான் இருந்தது. வந்தவரை உபசரிக்கக் கணவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

"வந்து பாருங்க சார். உங்க விரலை ஒட்டி வச்சுதான் சமையலே. உப்பு எங்கன்னு தேடினா உங்க கட்டை விரல்தான் கிடைக்கும்."

அலமாரிக் கதவைத் திறந்தும் காட்டிவிட்டான். கதவின் உட்புறமெல்லாம் நெட்டையின் இடது கை. எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய படங்களில் மோதிர விரல் கம்பீரமாக நீண்டிருந்தது. அவர் குனிந்து அவற்றையே பார்த்தார்.

அவள் எழுதி முடித்துப் போனை நீட்டினாள். அது பாட்டு முடிந்தபின் எடுத்த படம், எனக்குக் கிட்டார் பற்றி ஒன்றும் தெரியாது, உளறிவிட்டேன், மன்னியுங்கள்.

"ஒண்ணும் தெரியாதுன்னு போட்டிருக்கீங்க?"

"அப்படிப் போட்டாதான் நம்புவாங்கண்ணா."

நெட்டை கதவைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அவர் கட்டை விரல் நகர்ந்தது. ஆனால் அனுப்பவில்லை, ஒவ்வோர் எழுத்தாக அழித்துக்கொண்டே போயிற்று.

"என் கையை என்னைவிட நல்லாப் பார்த்தவங்க நீங்க. அதை உங்க வாயாலயே பொய்யாக்கச் சொல்லிட்டேனே."

முன்னறைக்குத் திரும்பி, கிட்டாரை மடியில் எடுத்து, இடது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தார். சுருண்ட விரலோடு அதைத் தந்திகள்மேல் வைத்தார்.

"படம் எடுங்க."

"வேணாம்ணா. ஒரு தடவை பக்கத்துல போட்டுட்டா திரும்ப வாங்க முடியாது."

"மனசு மாறுறதுக்குள்ள எடுங்க."

கூட்டம் நெருக்கித் தள்ளும்போதும் ஆடாத அவள் கை அன்று ஆடியது. முதல் படம் கலங்கிப்போனது. தடுப்புக் கம்பியில் ஊன்றுவதுபோல முழங்கையைக் கதவு நிலையில் ஊன்றி, கண்ணில் தளும்பியதைத் தோளில் துடைத்துக்கொண்டு, மறுபடி எடுத்தாள். விரல் தெளிவாக விழுந்தது. கீழே நெட்டையே எழுதினார். இது என் கை, திரைக்குப் பின்னால் வாசித்தது என் தம்பி, நன்றாகவே வாசித்தான். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அது உடனே துடிக்கத் தொடங்கியது. யாரும் எடுக்கவில்லை.

நாளைக்குக் குழு என்ன முடிவெடுக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, இரண்டாவது தந்தி தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

கணவன் கதவைப் பிடித்தபடி நின்றான். படி இறங்கும் சத்தம் தெருவோடு கலக்கும்வரை காத்திருந்தான். பிறகுதான், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல, ஓசை வராமல் கதவைச் சாத்தினான்.