வல்லரையனின் தலை

ஜெய்புன்னிசாவைப் பார்த்தால் ஆட்களை வெட்டிச் சாய்க்கிறவள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அவிநாசி ரோட்டுப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் மேஜையில் நிற்கிறாள். தைத்து வரும் டீசர்ட்டைப் புரட்டிப் பார்த்து, பிரித்துத் தைத்தால் தேறும் என்றால் ஆல்டர் பெட்டி, தேறாது என்றால் ரிஜெக்ட் பெட்டி. அவள் கையில் ரிஜெக்ட் ஆவது அபூர்வம். அதற்காக ஆல்டர் தைக்கிற பெண்கள் அவளைத் திட்டாத நாளில்லை.

அப்பேர்ப்பட்டவள்தான் கம்பெனி பஸ்ஸில் போகவர, செல்போனில் நாவல் எழுதினாள். சூரியன் உதிக்காத நாடு, பிணங்கள் காவல் நிற்கும் கோட்டை, தகப்பனைக் கொன்றவர்களைத் தேடித் தேடிப் பழிவாங்கும் இளவயது ராஜா இருள்வேந்தன். ஈவிரக்கம் அவனிடம் மருந்துக்கும் கிடையாது. டீ நேரத்தில் மேஜைக்காரிகளுக்குக் கதை நடக்கும். ஜெய்புன்னிசா பிட்டுக் கொடுத்த பாதி வடையைக் கையில் வைத்துக்கொண்டு, தலை உருளும்போதுதான் கடிப்பாள் பக்கத்து மேஜை ரங்காத்தாள்.

மிச்சம் ஒரே தலை. ராஜாவின் சிற்றப்பன், தளபதி வல்லரையன். எதைத் தின்றாலும் இரண்டாகப் பிட்டு எதிரே இருப்பவருக்குப் பாதியை நீட்டுவது அவன் வழக்கம். அந்தப் பாதியில்தான் அண்ணனுக்கு விஷம் வைத்தான்.

அந்த வழக்கம் தன் அண்ணன் தமீமுடையது என்பதை ஜெய்புன்னிசா யாரிடமும் சொல்லவில்லை. ஏதோ பழைய சண்டையை மனதில் வைத்து, அவள் கணவர் மவுத்தாகி அடக்கம் நடந்தபோதுகூட காங்கேயத்திலிருந்து எட்டிப் பார்க்காத அண்ணன். அன்றோடு பேச்சு அறுந்தது. அந்த வயிற்றெரிச்சலில் பிறந்தவன்தான் இருள்வேந்தன்.

வெள்ளிக்கிழமை, வல்லரையன் கழுத்தில் கத்தி வந்து நின்றது. "நாளைக்கு அந்தத் தல கீழ கெடக்கோணுமுங்க்கா. உட்றாதீங்க!" என்றாள் ரங்காத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் அண்ணன் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. மகன் ரபீக்குக்கு நிக்காஹ். அவர்கள் குடும்பத்தில் மணப்பெண்ணுக்குத் தாலியாகக் கருகமணி கட்டுவது மாப்பிள்ளையின் சகோதரி. ரபீக் ஒற்றைப் பிள்ளை. அப்படியென்றால் அத்தைதான் கட்ட வேண்டும்.

"நீ வந்து கட்டோணும் ஜெய்பு. அன்னைக்கு நான் வராதது தப்புத்தான். வீம்பு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேறு ஆள் பாருங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனாலும் வந்தவருக்கு டீயும் வர்க்கியும் வைக்காமல் எப்படி? அண்ணன் வர்க்கியைப் பிட்டார். யோசிக்காமலே ஒரு பாதியை அவள் பக்கம் நீட்டினார்.

வாங்கித் தின்றாள். வாயிலிருந்ததை முழுங்கக்கூட இல்லை. "வர்றேண்ணா," என்றாள்.

மறுநாள் மேஜையே காத்திருந்தது. "தல போச்சுங்களாக்கா?"

"இல்ல ரங்கு. ராசா கத்தியக் கீழ போட்டுட்டான்."

"இத்தன பேரக் கொன்னவன் இவன மட்டும் உட்டுட்டானாக்கும்!" என்று மற்றவர்கள் நொடித்துக்கொண்டார்கள். ரங்காத்தாள் மட்டும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கண்ணன் ஊட்டுக்கு வந்தாருங்களா?"

ஜெய்புன்னிசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"நித்தம் எனக்கு வடையப் பிட்டுத் தர்றது ஆருங்க்கா? துக்கத்துக்கு வராத உங்கண்ணந்தான் தளபதின்னு அப்பவே தெரியுமுங்க."

"அப்புறம் எதுக்குடி கொல்லு கொல்லுன்னே?"

"நீங்க கொல்ல மாட்டீங்கன்னுந்தான் தெரியுமுங்களே," என்று சொல்லி, பாதி வடைக்குக் கையை நீட்டினாள் ரங்காத்தாள்.