வருகிறவர்களைக் கட்டிப்பிடிக்கக் கூடாது

எவாரிஸ்தோ தன் காரைக் கழுவி ஒன்பது வருடம் ஆகிறது. சோம்பேறி மனுஷன் என்று குடியிருப்பில் பேசிக்கொள்கிறார்கள். பேசிவிட்டுப் போகட்டும். மைக்கெத்தியா விமான நிலையத்திலிருந்து மலையேறி கராகஸ் நகரத்துக்குள் ஆட்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது அவருக்கு இருபத்தாறு வருடத் தொழில். அந்தச் சாலையில் பளபளவென்று போகிற கார், என்னை மறித்துக்கொள் என்று தானே கூப்பிடுகிற கார். அழுக்கு வண்டியை எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அழுக்கு மட்டும் போதாது. பின்சீட்டில் ஒரு பழைய ஐஸ் பெட்டி, மணல் அப்பிய பிளாஸ்டிக் வாளி, கண்ணாடியோரம் விரித்த ஈரத்துண்டு. துண்டை ஒவ்வொரு சவாரிக்கும் நிறுத்துமிடத்துக் குழாயில் நனைத்துக்கொள்வார். எட்டிப் பார்க்கிறவனுக்கு, கடலில் குளித்துவிட்டு வீடு திரும்பும் குடும்பம் என்று தோன்ற வேண்டும். அப்படிப்பட்டவர்களிடம் பிடுங்க என்ன இருக்கும், மணல்தான். பயணி முன்சீட்டில்தான் உட்கார வேண்டும். கைபேசி காலுறைக்குள். அவர் கொடுக்கிற சாயம்போன சட்டையை மேலே மாட்டிக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. வருகைக் கூடத்தில் யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கக் கூடாது. கட்டிப்பிடித்தால் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது, பெட்டியில் ஏதோ இருக்கிறது என்று தூணோரம் நிற்கிற பயல்களுக்குத் தெரிந்துவிடும். அவர்களில் ஒருவன் போன் போடுவான். மலைப்பாதையில் இன்னொருவன் காத்திருப்பான். எவாரிஸ்தோ பெயர் எழுதின அட்டை பிடிப்பதில்லை. பயணியை உரசிக்கொண்டு நடந்து, உதடு அசையாமல், "பத்தடி தள்ளி என் பின்னாலயே வாங்க" என்பார். கொஞ்சலும் அழுகையும் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தின பிறகு. மகனைப் பார்த்துப் பாய்ந்த தாய்மார்களின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். அவர்கள் சாபம் போட்டிருக்கிறார்கள். அதையும் வாங்கிக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை வர இருந்தது அவருடைய மகள் யுலெய்மா. ஏழு வருடம் கழித்து, சிலியிலிருந்து, இரண்டே வாரத்துக்கு.

இரண்டு மணிக்கு இறங்க வேண்டிய விமானம் நாலே கால் ஆகியும் இறங்கவில்லை. ஆறரைக்கு இருட்டிவிடும். இருட்டின பிறகு அந்தச் சாலையில் அவர் யாரையும் ஏற்றிப் போனதில்லை. கீழே எங்காவது தங்கவைத்துக் காலையில்தான் கூட்டிப்போவார். இன்றைக்கு அதற்கும் வழியில்லை. வீட்டில் மனைவி ஒமாய்ரா காலையிலிருந்து கருப்பு பீன்ஸைக் கிளறிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிளாஸ்கில் காபி விற்கும் நெல்லி பக்கத்தில் வந்து நின்றாள். "என்ன ராசா, மூஞ்சி தொங்கிப்போய்க் கிடக்கு? யாரு சவாரி?"

"யாரோ ஒரு பொண்ணு."

"யாரோ ஒரு பொண்ணுக்கா சட்டை இஸ்திரி போட்டுட்டு வந்திருக்க?" என்று சிரித்து, கேட்காமலே ஒரு குட்டிக் கோப்பையை நீட்டினாள்.

காபி கசந்தது. முந்தின நாள் மூன்று சவாரி. இடுப்பு விட்டுப்போயிருந்தது. அதைவிட, மனதுக்குள் ஒன்று ஏழு வருடமாகக் கல்லாகக் கிடந்தது. யுலெய்மா கிளம்பின அன்று அவர்தான் காரில் கொண்டுவந்தார். போகிறவர்களைக் கட்டிப்பிடிக்கத் தடையில்லை. விற்க வேண்டியதையெல்லாம் விற்றுவிட்டுப் போகிறவர்களிடம் யார் என்ன பிடுங்க முடியும்? விமான நிலைய மாடியில், ஊரை விட்டுப் போகிறவர்கள் கடைசியாக மிதிக்கிற வண்ணக்கோட்டுத் தரையில் குடும்பம் குடும்பமாக நின்று அழுதார்கள், அந்தத் தரைமேல் நிற்கிற தங்கள் கால்களை ஞாபகத்துக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். எவாரிஸ்தோ உள்ளேயே போகவில்லை. வாசலில் பெட்டியை இறக்கி வைத்து, "போலீஸ்காரன் வண்டியை எடுக்கச் சொல்றான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். எந்தப் போலீஸ்காரனும் சொல்லவில்லை.

ஐந்தேகாலுக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. மெலிந்திருந்தாள். முடியைக் கத்தரித்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் பெட்டியை விட்டுவிட்டாள், இரண்டு கையும் தானாக விரிந்தன.

தூணோரம் சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் தலையைத் தூக்கினான்.

எவாரிஸ்தோ அவளைத் தாண்டி நடந்தார். "பத்தடி தள்ளி வா" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சட்டம் அங்கேயே உடைந்திருக்கும்.

காரில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். அவர் நீட்டின பழைய சட்டையை மாட்டிக்கொண்டாள். பெட்டி, அடியில் அம்மாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு, டிக்கியில் கிழிந்த பாய்க்குக் கீழே போயிற்று.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"குடுத்தாங்க."

மலை ஏற ஏற வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. சின்னச் சுரங்கத்தைக் கடந்தார்கள். பெரிய சுரங்கத்துக்குள் பாதி வழியில் எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. முன்னால் எங்கோ லாரி பழுது. விளக்குகளில் மூன்றில் ஒன்றுதான் எரிந்தது. குளிர்சாதனம் செத்து வருடக்கணக்காகிறது. புகை தாங்காமல் கண்ணாடியை ஒரு சாண் இறக்கியிருந்தார்கள்.

பின்னாலிருந்து பைக்குகளின் சத்தம் வந்தது. எவாரிஸ்தோ பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பைக் வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து, ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டே வந்து, அவர்கள் பக்கத்தில் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் குனிந்து யுலெய்மாவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான். ஒரு கை சட்டைக்குள் இருந்தது.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"கடல்லேர்ந்து தம்பி" என்றார் எவாரிஸ்தோ.

"தண்ணி எப்படி இருந்துச்சு?" அவன் கேட்டது அவரையல்ல, அவளை.

அவள் வாயைத் திறந்தால் ஏழு வருடச் சிலி இழுவை வந்துவிடுமோ என்று எவாரிஸ்தோவுக்கு உயிரே போயிற்று. அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. அப்பா பக்கம் திரும்பினாள்.

"தண்ணியா? இந்தக் கிழவன்கிட்ட கேளு! ஆசையா ஓடி வந்தா மூஞ்சிய திருப்பிட்டுப் போற ஆளு! பத்தடி தள்ளி வாவாம்! நான் என்ன தெருநாயா? எப்பவும் இப்படித்தான். அன்னைக்கும் என்னை வாசல்ல இறக்கிவிட்டுட்டு ஓடுன. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்தியா? வண்டி கண்ணுக்கு மறையற வரைக்கும் அங்கயே நின்னேன், தெரியுமா உனக்கு?"

அவர்கள் குடியிருக்கும் எல் வாய்யே பேட்டையின் அசல் பேச்சு. ஒரு எழுத்துகூட ஊரை விட்டுப் போகவில்லை. சுரங்கச் சுவர் எதிரொலித்தது. பக்கத்துக் காரிலிருந்து யாரோ கழுத்தை நீட்டினார்கள்.

பைக்கில் வந்தவன் நிமிர்ந்தான். ஈரத்துண்டைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், கிழவனின் முகத்தைப் பார்த்தான். சிரித்துவிட்டான். "பெருசு, வீட்டுக்குப் போனா இன்னும் இருக்கு உனக்கு" என்று காரின் கூரையைத் தட்டிவிட்டு நகர்ந்தான். நாலு வண்டி தள்ளி இன்னொரு கண்ணாடியில் குனிந்தான்.

வண்டிகள் நகர ஆரம்பித்த பிறகுதான் எவாரிஸ்தோவுக்கு மூச்சு வந்தது.

"நல்லா நடிச்சே" என்றார்.

"நடிக்கல" என்றாள்.

எல் வாய்யேவில் அவர்கள் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது கடைசி வெளிச்சம் இருந்தது. மின்தூக்கி நின்று மூன்று வருடம். பதினோரு மாடி. பெட்டியை அவர்தான் தூக்கினார். அவள் வாங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை. ஆறாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார், ஒன்பதாவதில் உட்கார்ந்தே விட்டார். அவள் இரண்டு படி கீழே நின்று காத்திருந்தாள்.

பதினோராவது மாடியில் ஒமாய்ரா கம்பிக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றிருந்தாள். தாயும் மகளும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள். எவாரிஸ்தோ பெட்டியை நிலைப்படிக்கு உள்ளே வைத்தார். "பத்திரமா வந்து சேந்தாச்சு. ஆண்டவனுக்கு நன்றி" என்றார். கம்பிக்கதவை வெளியிலிருந்து சாத்தினார். திரும்பிப் படியிறங்கினார்.

ஒரு வளைவு இறங்கியிருப்பார்.

"அப்பா, எங்க போற?"

நின்றார். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. இருபத்தாறு வருடமாக இப்படித்தான்: பெட்டியை உள்ளே வைப்பார், அதே வார்த்தையைச் சொல்வார், கதவுக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்கும், அவர் இறங்கிப் போய்விடுவார். எத்தனை வீட்டு வாசல்கள். உள்ளே போன ஞாபகம் ஒன்றுகூட இல்லை. இன்றைக்குச் சொந்த வீட்டு வாசலிலும் கால் அதே வழியில் போய்விட்டது.

"எனக்கு... பழகிப்போச்சும்மா" என்றார்.

யுலெய்மா கம்பிக்கதவைத் தள்ளித் திறந்து படியிறங்கி வந்தாள்.

"இங்க வேணாம். உள்ள போயிடலாம்" என்றார், அனிச்சையாக. அவள் கேட்கவில்லை. விளக்கில்லாத படிக்கட்டில், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில், அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் அழுதார். வெட்கமில்லாமல், சத்தமாக அழுதார்.

"அன்னைக்கு உன்கூட உள்ள வந்திருந்தேன்னா" என்றார் அவள் தோளில், "உன்னப் போகவே விட்டிருக்க மாட்டேன்."

அவள் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"கதவு ஆன்னு திறந்து கெடக்கு!" மேலிருந்து ஒமாய்ரா கத்தினாள். "சாத்திட்டு உள்ள வாங்க, ரெண்டு பைத்தியங்களா!"

"சாத்தலாம், இரு" என்றார் எவாரிஸ்தோ.