முருகேசுவின் கால், பாக்கியம் அக்காவின் கை

காலைப் பிடித்து வளைக்கிறவரைக் கண்டால் ஒரு குழந்தை ஏன் சிரிக்க வேண்டும்? பெற்றவளைக் கண்டால் ஏன் உதட்டைப் பிதுக்க வேண்டும்? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

என் மகன் முருகேசு பிறந்தபோதே வலது பாதம் உள்பக்கம் மடங்கியிருந்தது. பதுளை டாக்டர் இரண்டு வழி சொன்னார். கொழும்பில் ஆபரேஷன் செய்து குதிகால் தசைநாரை வெட்டிவிடலாம். அல்லது தினமும் பாதத்தை வெளிப்பக்கம் வளைத்து, துணியால் இறுக்கிக் கட்டலாம். கொழும்புச் செலவை எங்கள் துணிக்கடை தாங்காது. ஆகவே, இரண்டாவது வழி.

"இதிலும் திருந்தாவிட்டால் கத்திதான்" என்றார் டாக்டர்.

குளிப்பாட்டும்போது, நீட்டிய காலில் பிள்ளையைப் போட்டு, எண்ணெய் தேய்த்து வளைக்க வேண்டும். ஆனால் அவன் வீரிட்டால் என் கை தளர்ந்துவிடும். அதனால் என் கணவரின் அண்ணன் மனைவி, பாக்கியம் அக்கா, பிள்ளையை வாங்கிக்கொண்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள் – ஆறும் நேரான கால்கள். இவனும் வேண்டுமாம்!

"பெரட்டு மணி அடிச்சாச்சு, கால நீட்டுங்க கங்காணியாரே" என்று, தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டுகிற மணியைச் சொல்லி வம்பு பேசிக்கொண்டே ஓர் அழுத்து. அவன் கத்துவான். உடனே அவர் மூக்கைப் பிடித்துச் சிரிப்பான்.

போன வாரம் அக்கா அப்புத்தளைக்குத் தாய்வீடு போனார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்... பிள்ளை எனக்கே எனக்கு. நானே குளிப்பாட்டினேன். அழுதான், பாதியில் விட்டேன். கட்டுத் துணியையும் தளர்த்தினேன் – பாவம், தூங்கட்டுமே.

அக்கா திரும்பி வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, மறுபடி உள்ள போயிருக்கு?"

"அழுதான் அக்கா."

"அழத்தான் செய்வான். கொழும்புல வெட்டுனா சிரிப்பானா?"

அதற்குள் முருகேசு அவரிடம் தாவிவிட்டான். அவர் சொன்னது சரி. அதுதான் எரிகிறது. தவறாகச் சொல்லியிருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பேன்.

"நாளைலேருந்து நீயே அழுத்து. நான் பக்கத்துல இருக்கேன்" என்கிறார் அக்கா. "அண்ணியே செய்யட்டும்" என்கிறார் கணவர். நான் செய்தால் கை தளருமோ, கத்தி வருமோ என்று பயம். அக்கா செய்தால் கால் நேராகும். ஆனால் அந்தக் காலால் அவன் முதலில் நடந்துபோவது யாரிடம்?

பிள்ளை வளர்த்த வாசகிகளே, நீங்கள் சொல்லுங்கள். நானே மனதைக் கல்லாக்கி அழுத்தவா, அவரிடமே விட்டுவிடவா?

கொஞ்சம் பார்த்து எழுதுங்கள். எங்கள் வீட்டில் தபாலைப் பிரிப்பதும் பாக்கியம் அக்காதான்.